கயிறு தெரிய எடுத்த படம்

என் மனைவி ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம் எல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. அவள் உயிரை விட்டு எடுப்பது பழைய கார், பழைய லாரிப் படங்கள்தான். எங்காவது கண்காட்சி என்று காதில் விழுந்தால் சோறு தண்ணி மறந்துவிடுவாள். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். விடுமுறை நாளில் வேனும் அவளுடையது, டிரைவரும் அவளுடையவன்.

போன வருடம் பழைய வண்டிச் சங்கத்தின் போட்டியில், 'ஓடும் வண்டி' பிரிவுக்கு ஒரு லாரிப் படத்தைக் கொடுத்தாள். மலைச் சாலையில் ஏறிக்கொண்டிருக்கும் லாரி. ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அதுவே வினையாகிவிட்டது. கேமரா ஷட்டரை அத்தனை வேகமாக வைத்தால் சுற்றுகிற சக்கரம்கூடப் படத்தில் நின்றுவிடுமாம். சங்கத் தலைவர் மேடையில் மைக்கைப் பிடித்து, "அருமையான படம். ஆனா வண்டி நிக்குதேம்மா!" என்றார். அரங்கமே சிரித்தது.

மறுநாள் காலையில் என் மனைவி சொன்னாள். "அடுத்த வருஷம் அதே பிரிவுல நான் ஜெயிக்கணும். அதே கூட்டத்துக்கு முன்னாடி."

தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் வேறு பெயர், பாலிஷ். அவர் கார்மேல் யாராவது மூச்சு விட்டால்கூடத் துணியோடு ஓடிவருவார். என் மனைவி படமெடுத்த அந்த லாரியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அது இரும்புக் கடை நடத்தும் அக்கா ஒருவருடையது. அவர் இன்ஜினைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார், பெயிண்ட் மட்டும் அடிக்க மாட்டார். "அதைக் கொஞ்சம் ஓரமா நிறுத்தச் சொல்லுங்கப்பா" என்று தலைவர் ஒவ்வொரு கண்காட்சியிலும் மூக்கைச் சுளிப்பார்.

இந்த வருடம் வண்டிகள் எல்லாம் காலையில் மலையைத் தாண்டிக் கண்காட்சித் திடலுக்கு ஓடிவர வேண்டும். அந்த ஓட்டத்தில் எடுத்த படங்களுக்குத்தான் மாலையில் பரிசு. எதிரே எதுவும் வராதபடி சாலையை மறித்திருந்தார்கள். நான் வேனின் கடைசி இருக்கையைக் கழற்றி, பின்கதவைத் திறந்துவைத்து, அவளைப் பெல்ட்டால் கட்டி உட்காரவைத்தேன். லாரிக்கு முன்னால் நாங்கள். இம்முறை ஷட்டரை மெதுவாக வைத்திருந்தாள். சக்கரம் சுற்றுவது தெரியும், ஆனால் வேன் குலுங்கினாலோ லாரியின் வேகத்தோடு ஒட்டிப் போகாவிட்டாலோ எல்லாம் கலங்கிவிடும்.

"பின்னாடி குழந்தைங்க தூங்கறாங்கன்னு நினைச்சு ஓட்டுங்க."

"நான் எப்பவுமே அப்படித்தான் ஓட்டறேன்."

"வாயால ஓட்டாதீங்க."

பாதி ஏற்றத்தில் பாலிஷின் கார் நின்றிருந்தது. இன்ஜின் மூடியைத் திறந்து வைத்திருந்தார், உள்ளிருந்து ஆவி பறந்தது. அவர் கையில் துணியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போன வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டுப் போயிருந்தன. தம் பாட்டைப் பார்த்துக்கொண்டு ஏறுவதே அவற்றுக்குப் பெரும்பாடு. லாரிக்கார அக்கா மட்டும் நிறுத்தி இறங்கினார். அதைப் பார்த்து நானும் சற்று முன்னால் போய் வேனை நிறுத்தினேன். அக்கா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. கயிற்றை எடுத்துக் கட்டினார்.

"ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு உக்காருங்கய்யா. மத்தத நான் பாத்துக்கறேன்."

லாரி உறுமியது, கயிறு விறைத்தது. அடுத்த வளைவில் கண்ணாடியில் பார்த்தேன். முன்னால் பெயிண்ட் இல்லாத லாரி, பின்னால் மினுமினுக்கும் கார், அதற்குள் விறைத்த முகத்தோடு தலைவர். வளைவில் மட்டும்தான் இரண்டும் சேர்ந்து தெரியும்.

"இதே வேகம்! மாத்தினீங்க, தொலைஞ்சீங்க!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பள்ளம். பிரேக்கைத் தொட்டால் படம் போச்சு, ஸ்டியரிங்கை ஒடித்தாலும் போச்சு. பள்ளத்தை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். பின்னால் கேமரா சடசடத்தது. அப்புறம் அவள் போட்ட கூச்சலில் வேனைச் சாய்த்திருப்பேன்.

படத்தைத் திடலில் பார்த்தேன். எனக்கே புல்லரித்தது. சக்கரங்கள் சுழல்கின்றன, சாலை கோடாக ஓடுகிறது, அக்காவின் முகமும் பின்னால் தலைவரின் முகமும் அப்படியே தெளிவாக இருக்கின்றன. அந்தக் கயிறு நரம்பு மாதிரி முறுக்கேறி நிற்கிறது.

படத்தைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது தலைவர் தேடிக்கொண்டு வந்தார். அவரோடு சேர்த்து மூன்று நடுவர்கள். மற்ற இருவரும் ஆளுக்கொரு படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களாம், அதில் ஒன்று இவளுடையது, முடிவு இவர் கையில்.

"படம் பிரமாதம். ஆனா பின்னாடி இருக்கற என் காரை வெட்டிடும்மா. லாரி மட்டும் போதும், பரிசு உனக்குத்தான்."

ஒரு வருடமாக அவள் ஏங்கியது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெட்டிக் கொடுத்துத் தொலையேன் என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

"வெட்டினா கயிறு அந்தரத்துல நிக்கும்யா. லாரி எதுக்கு இந்த முக்கு முக்குதுன்னு பாக்கறவங்களுக்குப் புரியாது. பரிசு வேணாம்னா விட்டுடுங்க, படம் இப்படியேதான்."

அவர் முகம் சுருங்கியது. திரும்பி நடந்தார். போச்சு என்று தலையில் கை வைத்தேன்.

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. தலைவர் மைக் முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டே நின்றார்.

"முதல் பரிசுப் படத்துல ஒரு கார் இழுபட்டு வருது. அது என் கார். உள்ள திருதிருன்னு முழிச்சுட்டு உக்காந்திருக்கறதும் நான்தான். மதியத்துலேர்ந்து வேற படத்துக்கு ஓட்டுப் போடப் பாத்தேன். மனசு ஒப்பல."

திரையில் படம் வந்தது. சிரிப்பும் கைதட்டலும் கூரையைத் தூக்கின. தலைவரும் சிரித்தார். லாரிக்கார அக்கா எழுந்து நின்று கை தட்டினார்.

என் மனைவி மேடை ஏறிக் கோப்பையை வாங்கினாள். ஏதாவது பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"வேன் ஓட்டினது என் வீட்டுக்காரர். இழுத்தது அக்கா. ஸ்டியரிங் பிடிச்சது ஐயா. ஜெயிச்சது நான்!"

அடக்கமாகப் பேச அவளுக்கு எந்தக் காலத்திலும் வராது. நான் இரண்டு விரலை வாயில் வைத்து, அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி விசிலடித்தேன்.