ஒன்பது பாடம் முடித்த சேக்காடு

சேக்காடு கிளை நூலகத்தில் காலை பதினொரு மணிக்குக் கதவைச் சாத்தினால் மறுபடி திறப்பது மாலை நாலு மணிக்குத்தான். இடையில் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக் கொஞ்சம் கண்ணசருவது நூலகர் வசந்தகுமாரியின் வழக்கம். ஜூன் மாதம் அந்தத் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

காரணம், மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல். இணையத்தில் புதிது புதிதாக வந்திருக்கும் வசதிகளை நூலக வேலைக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று பன்னிரண்டு பாடங்கள் போட்டிருந்தார்கள். வகுப்பும் இல்லை, கெடுவும் இல்லை. வீடியோவைப் பார்த்து, அதில் சொன்ன வேலையைச் செய்து காட்டினால் அடுத்த பாடம் திறக்கும். அவரவர் வேகத்தில் முடித்துக்கொள்ளலாம்.

நாற்பத்தாறு வயதில் இது என்ன வம்பு என்றுதான் வசந்தகுமாரி ஆரம்பித்தாள். முதல் பாடம், நூலகத்துக்கென்று ஒரு வலைப்பூ தொடங்குவது. தயங்கித் தயங்கி வாசலில் நிற்கும் வேப்பமரத்தைப் பற்றி நாலு வரி எழுதிப் போட்டாள். மறுநாள் காலை திருமழிசை கிளையிலிருந்து யாரோ, உங்கள் நூலகத்து வேப்பமரத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று பதில் எழுதியிருந்தார்கள். ராணுவ டாங்க் ஃபேக்டரி வேலையிலிருந்து வீடு திரும்பிய கணவர் சிவராமனிடம் அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

நூலகத்தில் அவளைத் தவிர இருந்த ஒரே ஆள் உதவியாளர் மணவாளன். சேக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பத்திரண்டு வயது. புத்தகத்துக்கு முத்திரை குத்துவது, கிழிந்ததை ஒட்டுவது, அடுக்குவது எல்லாம் அவர்தான். மின்னஞ்சல் நூலகர்களுக்கு மட்டும்தான் வந்தது. இருந்தாலும் வசந்தகுமாரி அதை அவருடைய செல்போனுக்கும் அனுப்பிவைத்து, நீங்களும் பாருங்களேன் அண்ணே என்றாள். அவர் சிரித்துக்கொண்டே பசை டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பயிற்சித் தளத்தில் ஒரு பட்டியல் உண்டு. எந்தக் கிளை எத்தனை பாடம் முடித்திருக்கிறது என்று காட்டும். ஐந்தாவது பாடத்தை முடித்த அன்று வசந்தகுமாரி அதைத் திறந்தவள் திகைத்துப் போனாள். திருமழிசை ஏழு. அதற்கும் மேலே, முதல் இடத்தில், சேக்காடு ஒன்பது.

கம்ப்யூட்டர் ஏதோ குளறுபடி செய்துவிட்டது என்று நினைத்தாள். பாடமே படிக்காமல் கணக்கு ஏற்றிக்கொண்டதாக யாராவது சொல்லிவிட்டால்? மாவட்ட அலுவலகத்தில் பயிற்சியை நடத்தும் ரேவதி மேடத்துக்கு, இது தவறு, தயவுசெய்து திருத்துங்கள் என்று மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தாள். பாதி எழுதும்போதே ஆறாவது பாடத்தின் தலைப்பு கண்ணில் பட்டுவிட, மின்னஞ்சல் அப்படியே நின்றது.

ஆறாவது பாடம், இணையத்தில் பல பேர் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய, கட்டம் போட்ட ஒரு ஷீட். வசந்தகுமாரி அப்படி ஒன்றைத் தயார் செய்து, நம் நூலகத்தில் இல்லாத, நீங்கள் படிக்க விரும்பும் புத்தகத்தை இதில் எழுதுங்கள் என்று ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பத்துப் பேர் எழுதினாலே பெரிது என்பது அவள் எண்ணம். அன்று வியாழக்கிழமை. நாலு மணிக்கு ஷீட்டைத் திறந்தால் முப்பது பேர் எழுதியிருந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டங்களில் எழுத்துகள் முளைத்தன. சுரேகா என்பவர் மலையாளச் சிறுகதைகள் கேட்டிருந்தார். ஷர்மிளாவுக்கு குரூப் டூ தேர்வுப் புத்தகங்கள். யாரோ ஒருவருக்கு ஸ்கூட்டர் ரிப்பேர் பற்றிப் புத்தகம் வேண்டுமாம். இன்னொருவர், இங்கே ஒரு நூலகம் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும் என்று எழுதியிருந்தார். வசந்தகுமாரி மணவாளனைக் கூப்பிட்டாள். இருவரும் கடைசி ஓவர் பார்ப்பவர்களைப் போலத் திரை முன்னால் நின்றார்கள். ஏழு மணிக்கு நூலகத்தைப் பூட்டும்போது எண்பத்தாறு.

அன்றைக்கே ரேவதிக்குத் தொலைபேசியில் சொன்னாள். அந்தப் பட்டியலைச் சனிக்கிழமை நண்பகலுக்குள் அனுப்பினால் இந்தமுறை வாங்கும் புத்தகங்களிலேயே சேர்த்துவிடலாம் என்றார் ரேவதி.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. சனிக்கிழமை எட்டு மணிக்கு வசந்தகுமாரி ஷீட்டைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. கட்டங்கள் மட்டும் வெறுமையாக நின்றன. யாரோ செல்போனில் தெரியாமல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டிருக்க வேண்டும். அத்தனை பேரிடம் போய், இன்னொரு தடவை எழுதுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

அன்றைய செய்தித்தாள்களோடு உள்ளே வந்த மணவாளன் அவள் முகத்தைப் பார்த்து நின்றார்.

"இன்னா மேடம், ஒரு மாதிரி கீறீங்க?"

அவள் திரையைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நான் கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஒரு விரலால் மௌஸை அழுத்தி ஏதோ ஒரு பட்டியலைத் திறந்தார். வலப்பக்கம் தேதியும் நேரமுமாக வரிசை விழுந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே கால் என்ற இடத்தில் தொட்டார். போன பெயர்களெல்லாம் பொலபொலவென்று வந்து நிரம்பின. எண்பத்தாறாக இருந்தது இப்போது நூற்று நாலு.

"ஒண்ணும் பூடல மேடம். யாரு அழிச்சாலும் பழசு உள்ளாறதான் கீது. எட்டாம் பாடத்துல சொல்லிக் குடுத்தாங்களே."

"எட்டாம் பாடமா? நீங்க எத்தனை முடிச்சிருக்கீங்கண்ணே?"

"ஒம்போது," என்றார் மணவாளன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். மதியம் வீட்டுக்குப் போனதும் அவரும் அவர் மனைவி ராணியும் சாப்பாட்டுத் தட்டோடு செல்போனை நடுவில் வைத்துக்கொண்டு பாடம் பார்ப்பார்களாம். சில நாள் அவர் களைத்துப் படுத்தால்கூட ராணி விடமாட்டாராம். பத்தாவது இரண்டு தடவை எழுதித் தேறாதவர் மணவாளன். பாதியில் மாட்டிக்கொண்டால் சிரிப்பார்களே என்றுதான் யாரிடமும் மூச்சு விடவில்லை, எல்லாம் முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தாராம். அவள் அனுப்பிய மின்னஞ்சல் வழியாகவே போனதால், அவர் முடித்த ஒன்பதுதான் சேக்காட்டின் கணக்காகக் காட்டியிருக்கிறது.

வசந்தகுமாரிக்கு ஒரு கணம் பொறாமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சேக்காட்டை முதல் இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார், அவளோ அதைத் தவறென்று எழுதி அனுப்ப இருந்தாள்.

ஷீட்டை இப்படித் திறந்து வைத்தால் மறுபடியும் யாராவது அழித்துவிடுவார்கள் என்ற மணவாளன், ஏழாவது பாடத்தில் கற்றபடி ஒரு படிவம் செய்தார். அதில் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் தொட முடியாது. எழுத்துப் பிழைகளை அவள் திருத்தினாள். பதினொன்றே முக்காலுக்குப் பட்டியல் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே இன்னொரு கடிதமும். சேக்காட்டின் ஒன்பது பாடங்களையும் முடித்தவர் நூலக உதவியாளர் திரு. மணவாளன், அவர் பெயரையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

கால் மணி நேரத்தில் ரேவதி கூப்பிட்டார். உதவியாளர்களைச் சேர்க்கக் கூடாதென்று எந்த விதியும் இல்லை, தங்களுக்குத்தான் தோன்றாமல் போயிற்று என்றார். காணாமல் போன ஷீட்டை மீட்பது எப்படி என்று புதன்கிழமை இணையக் கூட்டத்தில் எல்லாக் கிளைகளுக்கும் மணவாளனே செய்து காட்ட முடியுமா என்றும் கேட்டார்.

புதன்கிழமை மதியம் மணவாளன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். ராணியும் வந்து, கேமராவில் விழாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். திரையில் முப்பதுக்கு மேற்பட்ட முகங்கள். முதல் இரண்டு நிமிடம் மணவாளன் செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி நிறுத்திப் பேசினார். மௌஸ் கைக்கு வந்ததும் பேச்சும் சொந்தப் பேச்சாகிவிட்டது. வானகரத்திலிருந்து ஒருவர் இன்னொரு தடவை காட்டச் சொன்னார். காட்டினார். திருமழிசைக்காரர் குறித்துக்கொள்வதற்காக மூன்றாவது தடவையும் காட்டினார். கேள்விகள் வந்துகொண்டே இருந்தன.

கூட்டம் முடிந்ததும் வசந்தகுமாரி கைதட்டினாள். மணவாளன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ராணி எழுந்து வந்து அந்தப் பெரிய திரையை ஆசையாகப் பார்த்தார்.

"பத்தாம் பாடத்த இதுலயே பாத்துட்டுப் போலாமா? ஊட்டுல செல்லுல எழுத்து பொடிசா கீது."

வசந்தகுமாரி இன்னும் ஏழாவதைக்கூடத் தொடவில்லை. இருந்தாலும் இன்னும் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு, ஒன்றில் தானும் உட்கார்ந்தாள்.