பச்சைக் குடத்தின் முறை

பெருங்களத்தூர் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில், அங்காளம்மாள் செத்த பதினேழாம் நாள் காலை, அவளுடைய பச்சை பிளாஸ்டிக் குடம் இரண்டு மாடி இறங்கி வந்து தண்ணீர் லாரி வரிசையில் மூன்றாவதாக நின்றது. அன்று வெள்ளிக்கிழமை. லாரி வழக்கம்போல நாற்பது நிமிடம் தாமதம்.

வரிசையில் குடம் இருந்தால் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். இது தெருச் சட்டம். அவள் செத்த அந்தச் சித்திரை நாளில் அங்காளம்மாள் குடத்தை மூன்றாவதாக வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். நாலாவது நின்ற எதிர்வீட்டு எல்லம்மாவுக்கு அவசரம். மகளுக்கு வளைகாப்பு, வீடு கொள்ளாத விருந்தாளிகள், கை கழுவச் சொட்டுத் தண்ணீர் இல்லை. பச்சைக் குடத்தைத் தூக்கிக் கடைசியில் வைத்தாள். பின்னால் நின்ற எங்களுக்கும் ஆளுக்கு ஓரிடம் முன்னால் கிடைத்தது. எவரும் வாயைத் திறக்கவில்லை, திறப்போமா? அங்காளம்மாளின் முறை வருவதற்குள் லாரி காலி. ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு லாரி நிற்கிறது என்று யாரோ சொல்ல, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பஸ்கள் சாரைசாரையாகப் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்று மோதி அங்கேயே போய்விட்டாள். குடத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. வளைகாப்புச் சோறு அண்டா அண்டாவாக வீணானது.

பதினேழாம் நாள் குடம் தானாக வந்தபோது முதலில் பயந்தோம். அப்புறம் மஞ்சள் பூசிப் பூ வைத்தார்கள். அது பூவை உதறிவிட்டு ஓரடி முன்னால் நகர்ந்தது. கல்லூரியில் பாடம் எடுக்கும் பிரசன்னா சார் இது ஒரு குறியீடு என்றார். குறியீடோ என்னவோ, பதினைந்து லிட்டர் பிடித்தது. நிரம்பியதும் யாராலும் அசைக்க முடியவில்லை. லாரி டிரைவர் தயாளன் முயன்று பார்த்து, முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் லீவு போட்டார். எல்லம்மா தொட்டதும் எழும்பி அவள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டது.

அதிலிருந்து லாரி வரும் செவ்வாயும் வெள்ளியும் அவள்தான் மாடிக்குச் சுமந்தாள். அங்காளம்மாளின் ஒரே மகள் தமிழினி, குரோம்பேட்டைத் துணிக்கடையில் வேலை செய்பவள், குடத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் கதவைச் சாத்துவாள். "நாலு வார்த்த திட்டினாக்கூட தேவல. இப்டி மூஞ்சப் பாத்துகினு நிக்கிறாளே" என்று எல்லம்மா மாவு மிஷின் வாசலில் அழுவாள். பாவம், அவளுக்கு வேண்டியது மன்னித்தேன் என்ற ஒரு வார்த்தைதான். நான்கு கோடை போயிற்று. வளைகாப்புக் குழந்தை பள்ளிக்கூடம் போனது. எல்லம்மாவின் முட்டி தேய்ந்தது.

ஐந்தாம் ஆண்டு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது, லாரி நின்றது. அடுத்த செவ்வாய் குடம் எல்லம்மாவின் குழாயடிக்கே வந்தது. பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதிப் படியில் இருமுறை உட்கார்ந்தாள்.

"தமிழு, ஒன் வூட்லயும்தான் பைப்பு கீது. இன்னும் இன்னாத்துக்கு இது? நான் நவுத்தினது தப்புதான். மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லேன்."

தமிழினி முதல்முறையாகப் பேசினாள்.

"எனக்கு மன்னிக்க வர்ல, அத்த. ஆனா நீங்க வராம இருக்காதீங்க. நீங்களும் நின்னுட்டா எங்கம்மாவ நெனைக்க இந்தத் தெருவுல வேற யாரு கீறாங்க?"

எல்லம்மா குடத்தை இறக்கி வைத்தாள். மறுநாள் தமிழினி முதல் மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டாள்.

இப்போதும் குடம் வருகிறது. எல்லம்மா அந்த ஸ்டூலில் மூச்சு வாங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறது. படியேறுகிறவர்கள் கால் படாமல் ஒதுங்கிப் போகிறோம்.