என் கணவர் கொடுத்த வாக்குமூலம்

என் கணவர் லஸ்ஹர் கொத்தனார். எங்கள் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஒரு புதுக் கட்டடத்துக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தார். கீழே மணல் கொட்டிக் கிடந்ததால் உயிர் தப்பியது. தலை மட்டும் கம்பியில் இடித்துவிட்டது. பதினோராம் நாள்தான் கண் விழித்தார்.

வீட்டுக்கு வந்ததும் நடந்தார், சாப்பிட்டார், பேசினார். ஆனால் அடுப்பில் மிளகாய் கருகினாலும் அவருக்கு வாசனை தெரியவில்லை. கலவைக்கு எவ்வளவு சிமெண்ட் என்பது மறந்துபோயிருந்தது. வெளிச்சம் பட்டால் தலை வலிக்கிறது என்று முன்னறையில் தனியாகப் படுத்துக்கொண்டார்.

பத்தொன்பது வருஷமாக என்னை அதட்டியே பேசியவர், இப்போது பெரிய வீட்டு அம்மாக்களைக் கூப்பிடுவதுபோல் மரியாதையாக, "லெல்லா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று தட்டைத் தானே கழுவி வைத்தார். பக்கத்து வீட்டு மொன்ஜியா, "என் வீட்டுக்காரரையும் அந்தச் சாரத்துல ஏத்தி விடட்டுமாடி?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன்.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். அவர் சந்தையில் பை தூக்கிக்கொண்டு மீன்காரரிடம் பேசுவதைக் காண்ட்ராக்டரின் ஆட்கள் படம் பிடித்துக் காட்டினார்கள். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்றார்கள். நீதிபதி ஒரு மூளை டாக்டரைப் பரிசோதிக்கச் சொன்னார்.

டாக்டர் கேட்ட தேதி, ஊர், பிள்ளைகள் பெயர் எல்லாவற்றையும் லஸ்ஹர் சரியாகவே சொன்னார். எங்கள் வக்கீல் பெஸ்மாவின் முகம் வாடிக்கொண்டே போயிற்று. கடைசியாக, வீட்டில் யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார்.

லஸ்ஹர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இவங்கதான். ரொம்ப நல்ல மனுஷி. பாக்க அப்படியே என் பொண்டாட்டி மாதிரி இருப்பாங்க. ஆனா அவ இல்ல."

"அப்ப உங்க மனைவி எங்க?"

"தெரியல டாக்டர். நான் வேலைக்குக் கிளம்பின அன்னிக்கு வாசல் வரைக்கும் வந்தா. அதுக்கப்புறம் காணோம். இவங்ககிட்டக் கேக்கலாம்னா, பாவம், மனசு கஷ்டப்படுவாங்க."

டாக்டரின் பேனா காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக அவருக்குச் சட்டை போட்டுவிட்டேன், நகம் வெட்டிவிட்டேன். அத்தனை நாளும் யாரோ ஒருத்தி செய்வதாக நினைத்து அவர் கூச்சப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வெளியே வந்ததும் பெஸ்மா என் கையைப் பிடித்து, "அக்கா, இது போதும், கேஸ் நம்ம பக்கம்தான்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அன்று வீட்டில், நான்தான் ரஃபீக்கா என்று அவரிடம் சொன்னேன். கல்யாணப் படத்தைக் காட்டினேன். அவர் நடுங்கிப்போய்ச் சுவரோரம் ஒதுங்கினார். இரண்டு நாள் என் கையால் எதுவும் வாங்கிச் சாப்பிடவில்லை. அதன்பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முகத்தைப் பார்த்தால் வரவேண்டிய நெருக்கம் அடிபட்ட மூளையில் வராமல் போயிருக்கிறது, குரல் மட்டும் கேட்டால் ஒருவேளை வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மொன்ஜியா வீட்டு மாடியிலிருந்து அவருக்குப் போன் செய்தேன்.

"ரஃபீக்கா?" என்றார். குரல் உடைந்துபோயிற்று. "எங்கடி போன? எப்ப வருவ?"

சீக்கிரம் வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அவர் நடிக்கிறார் என்று காண்ட்ராக்டரின் வக்கீல் வாதாடிப் பார்த்தார். நீதிபதியே நேரில் கேட்டபோதும் லஸ்ஹர் அதையேதான் சொன்னார். ஆயுள் முழுக்க மாதத் தொகையும், கவனித்துக்கொள்பவருக்குத் தனியாகச் சம்பளமும் தீர்ப்பானது.

அந்தச் சம்பளத்துக்கான படிவத்தை அலுவலகத்தில் நிரப்பினேன். உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லஸ்ஹர் எட்டிப் படித்துவிட்டு, மற்றவர்கள் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார்:

"தப்பா எழுதிட்டீங்க, லெல்லா."

நான் அந்த வார்த்தையை அடிக்கவில்லை. அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.