கொட்டகையில் கிடந்த மோரிஸ்

கால்நடை மருத்துவர் மைதிலி கொல்லிமலைக்கு விரும்பி வரவில்லை. முன்பு வேலை பார்த்த ஊரில், உயிரோடு இருந்த மாடுகளைச் செத்துப்போனதாகக் காட்டிக் காப்பீட்டுப் பணம் வாங்க ஒரு பெரிய மனிதர் அவளிடம் கையெழுத்துக் கேட்டார். அவள் போடவில்லை. கொஞ்ச நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. "மலைக்காத்து உடம்புக்கு நல்லதும்மா" என்று சொல்லி மேலதிகாரி சிரித்த சிரிப்பு, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. அது 1998ஆம் வருடம். அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. தேவனூர் நாட்டில் அவளுக்கு வாடகைக்குக் கிடைத்தது சின்னுசாமியின் வீடு. மலையில் அவருக்குக் காபித் தோட்டமும் மிளகும் இருந்தன. குடும்பம் கீழே ராசிபுரத்தில். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சாக்கு மூட்டைகளுக்கும் உடைந்த மருந்தடிக்கும் பம்புகளுக்கும் நடுவில் அங்கே ஒரு மோரிஸ் மைனர் கார் கிடந்தது. நான்கு டயரும் மண்ணோடு மண்ணாகிவிட்டிருந்தன. ஒரு கதவைத் திறக்கவே முடியவில்லை. பின் சீட்டில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.

வாடகை வாங்க வந்த சின்னுசாமியிடம் மைதிலி அதைப் பற்றிக் கேட்டாள்.

"அதுங்களா? ஓடாத சனியனுங்க. எடைக்குப் போடலாம்னா, எவனும் இதுக்காக மலையேறி வரமாட்டேங்கறான்."

"நான் எடுத்துச் சரிபண்ணிப் பாக்கட்டுமா?"

அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார். "எடுத்துக்குங்க டாக்டரம்மா. நீங்களே வெச்சுக்குங்க. எனக்குக் கொட்டகை காலியானாச் செரி."

மைதிலிக்குக் கார் ரிப்பேர் தெரியாது. வயிற்றைக் கிழித்து உள்ளே என்ன கோளாறு என்று பார்க்கவும், பார்த்தபின் தைக்கவும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பானெட்டைத் திறந்தாள். எஞ்சின் துருவேறி இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, நான்கு துளைகளிலும் டீசலை ஊற்றி ஊறவிட்டாள். தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முன்பக்கம் எஞ்சினைச் சுற்றும் கைப்பிடியைச் செருகி, உடம்பின் எடையையெல்லாம் போட்டு அழுத்திப் பார்ப்பாள். அசையாது. திரும்பவும் டீசல். ஒரு சாயங்காலம் கைப்பிடி ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்றைக்கு அவள் உலை வைக்கவே மறந்துபோய், ரஸ்க்கைத் தின்றுவிட்டுப் படுத்தாள்.

சாமான்கள் தேடிச் சேந்தமங்கலத்துக்கு இறங்கினாள். அங்கே பழைய வண்டிச் சாமான் கடை வைத்திருந்தவர் பீர் முகமது. அவள் கேட்டதைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மோரிஸுக்குச் சாமானுங்களா? கெடைக்காதுங்க. விட்டுப்போடுங்க."

ஆனால் அடுத்த வாரமே, செய்தித்தாளில் சுற்றிய கார்புரேட்டர் ஒன்று பஸ் டிரைவர் கையில் மலையேறி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாமானும் அப்படித்தான். முதலில் கிடைக்காது என்பார். பிறகு சேலத்திலோ கோயம்புத்தூரிலோ யாரையாவது நச்சரித்து வாங்கிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மலைக்கு வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பேய் புடிச்சிருக்குதுங்க உங்களுக்கு. எனக்கும் தொத்திக்கிச்சு" என்றார்.

எஞ்சினின் மேல்பாகத்தைச் சாக்கில் சுற்றி பஸ்ஸிலேயே நாமக்கல் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனாள். ஓட்டை விழுந்த தரையை, மலைமேலேயே செம்மேட்டில் ஜன்னல் கம்பி அடிப்பவர் தகடு வைத்துப் பற்றவைத்தார். மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சில் கியர் பெட்டிக்கு ஆயில் ஏற்றினாள். பிஸ்டன் ரிங்குகளை மேல் கீழாக மாட்டிவிட்டதில், முதன்முதலாக எஞ்சின் உயிர் பிடித்தபோது கொட்டகை முழுக்க நீலப் புகை. அழுகையை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி பிரித்தாள். மலை இறக்கத்தை நினைத்து பிரேக்கை மட்டும் மூன்று தடவை கழற்றி மாட்டினாள். டேஷ்போர்டுக்குப் பின்னால் வெயில் படாத ஓரிடத்தில் பழைய நிறம் மிச்சமிருந்தது, வெளிறிய பச்சை. லாரிக்கு வண்ணம் அடிக்கிற ஆளை பீர் முகமது அழைத்து வந்து அதே பச்சையை அடிக்கவைத்தார்.

இரண்டு மழைக்காலம் போனது. 2000 தையில் கார் ரோட்டில் ஓடியது. திரும்ப வேண்டிய பக்கத்தில் கதவோரத்திலிருந்து கை மாதிரி ஒரு சின்னத் தகடு நீண்டு சிக்னல் காட்டும். அதைப் பார்க்கவே பிள்ளைகள் ரோட்டோரம் நின்றார்கள். மாடு கன்று போடச் சிரமப்படுகிறது என்று ஆள் வந்தால், முன்பு பஸ்ஸுக்குக் காத்து நின்ற மைதிலி இப்போது பத்து நிமிடத்தில் கிளம்பினாள்.

வாடகைக்குக் கணக்குப்பிள்ளையையே அனுப்பிக்கொண்டிருந்த சின்னுசாமி அந்த வைகாசியில் தானே வந்தார். காரைப் பார்த்து வாயைத் திறந்தவர் சற்று நேரம் மூடவில்லை.

"பையனுக்குக் கல்யாணமுங்க. பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ரெண்டு நாளைக்கு வண்டி குடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

மைதிலி சந்தோஷமாகவே சம்மதித்தாள். வேறு யாரையும் நம்பாமல் அவளே மலையிறக்கி ராசிபுரம் கொண்டுபோய் நிறுத்தினாள். கல்யாணம் முடிந்து கிளம்பும்போது சாவியைக் கேட்டாள்.

"விருந்து முடியட்டுங்க. நானே ஆள் போட்டு அனுப்பி வெக்கறனுங்க" என்றார் சின்னுசாமி.

அனுப்பவில்லை. போன் செய்தால் ஊரில் இல்லை என்றார்கள். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் பதிலே வரவில்லை. ஆடி பிறந்தது. ஒரு காலையில் பீர் முகமதுவிடமிருந்து போன் வந்தது.

"டாக்டரம்மா, ராசிபுரம் வழியாப் போனனுங்க. வண்டி அவரூட்டு முன்னால நிக்குது. கண்ணாடியில அவரு தோட்டத்துப் பேரை எழுதியிருக்காங்க."

மைதிலி அடுத்த பஸ்ஸில் இறங்கினாள். பீர் முகமதும் சேந்தமங்கலத்தில் ஏறிக்கொண்டார்.

அன்றைக்குச் சின்னுசாமியின் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். எல்லோரும் வாசலில் காரைச் சுற்றி நின்றார்கள். சின்னுசாமி பானெட்டின் மேல் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமாப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கற வண்டிங்க. ஒரு நாளைக்குத் தொடைக்கலீன்னா எனக்குத் தூக்கம் வராது."

"கோழி முட்டையோட சேத்தா தொடைச்சீங்க?" என்றாள் மைதிலி.

எல்லோரும் திரும்பினார்கள். சின்னுசாமியின் முகம் ஒரு கணம் சிறுத்தது. உடனே பழைய சிரிப்பு வந்துவிட்டது.

"வாங்க டாக்டரம்மா. உள்ள வாங்க, காப்பி சாப்பிடலாம்."

"காப்பி வேண்டாங்க. என் வண்டியை எடுத்துக்கிட்டுப் போக வந்தேன்."

"உங்க வண்டியா? ரிப்பேர் பண்ணக் குடுத்தனுங்க. பண்ணுனீங்க. வண்டியை மெக்கானிக் கிட்ட உட்டா, அது மெக்கானிக்கோடதுன்னு ஆயிருமா? செலவைச் சொல்லுங்க, குடுத்தர்றேன்."

"நீங்களே வெச்சுக்குங்கன்னு சொன்னீங்க. எடைக்குக்கூட ஆகாதுன்னு சொன்னீங்க."

"சிரிக்கறதுக்குச் சொன்னதையெல்லாம் புடிச்சுக்கிட்டா எப்படிங்க."

பீர் முகமதுவால் பொறுக்க முடியவில்லை. "அந்தம்மா கையில தோல் உரிஞ்சு நின்னதை நான் பாத்தனுங்க. நியாயமாப் பேசுங்க" என்றார்.

"பழைய இரும்பு விக்கறவன் எனக்கு நியாயம் சொல்ல வந்துட்டியா? வாசலுக்கு வெளிய நில்லு."

பீர் முகமது வயதில் அவரைவிடப் பெரியவர். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மைதிலி பீர் முகமதுவின் பக்கத்தில் போய் நின்றாள். காப்பீட்டுக் கையெழுத்துக் கேட்டவரும் இதே மாதிரிதான் காப்பி சாப்பிடச் சொன்னார். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே நடந்தாள். இன்றைக்கு நடப்பதாக இல்லை.

"அவர் எங்கேயும் போகமாட்டார். நானும் போகமாட்டேன். வண்டி வராம இந்த வாசலை விட்டு நகர மாட்டேன். உங்க சம்பந்தி வீட்டுக்காரங்களும் முழுக்கதையையும் கேட்டுட்டுப் போகட்டும்."

அப்போது சின்னுசாமியின் மனைவி ருக்குமணி காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கல்யாணத்தன்று மைதிலியிடம் அவள் இரண்டு வார்த்தைகூடப் பேசவில்லை. காரைத்தான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது தட்டை அங்கிருந்த நாற்காலியில் வைத்தாள்.

"அது யாரு வண்டின்னு என்னைய யாருமே கேக்கலீங்களே" என்றாள்.

"உள்ள போ ருக்கு."

"எங்கப்பன் எனக்குக் குடுத்த வண்டி. கல்யாணத்துக்கு முந்தியே எனக்கு ஓட்டப் பழக்கி, இந்த வாசல்ல கொண்டுவந்து நிறுத்துனாரு." அவள் சம்பந்தியம்மாளைப் பார்த்துப் பேசினாள். குரல் உயரவில்லை. "எங்க மாமியாளுக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஊட்டுல ஆம்பளைங்க யாருமில்லீங்க. நான்தான் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனேன். பொழைச்சுக்கிட்டாங்க. இவரு வந்தாரு. ஆத்தா பொழைச்சதைக் கேக்கல. பொம்பளை கடைவீதியில கார் ஓட்டுனா ஊரு சிரிக்கும்னு என்னைய அடிச்சாரு. அடுத்த வாரம் வண்டியை மலைக்கு ஓட்டிக்கிட்டுப் போயி அந்தக் கொட்டகையில போட்டுப்போட்டு, பஸ்ஸுல திரும்பி வந்தாரு."

சின்னுசாமி மருமகளின் அப்பாவைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைதிலியின் கோபம் கால் ஊன்ற இடமில்லாமல் தடுமாறியது. ஓடாத வண்டி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஓடிய வண்டியை ஒருவர் சிறை வைத்தது போல வைத்திருக்கிறார். அதில் கோழி அடைந்திருக்கிறது, டயர் மண்ணாகியிருக்கிறது, இந்த அம்மாள் இத்தனை வருடம் இங்கே காப்பி போட்டிருக்கிறாள். வண்டி யாருடையது என்று மைதிலியும் வீட்டுக்காரரை மட்டுந்தானே கேட்டாள்?

"அப்படின்னா இது உங்க வண்டிங்கம்மா" என்றாள். வேறு எதையும் அவளால் சொல்ல முடியவில்லை. "சாவியை அவங்ககிட்டக் குடுங்க."

சின்னுசாமி அசையவில்லை. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. ருக்குமணி அருகே போய்க் கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவே இல்லை. அத்தனை பேர் பார்க்க அவர் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? கடைசியில் சாவியை அவள் கையில் வைக்காமல் கீழே போட்டார். பீர் முகமது குனிந்து எடுத்து, துடைத்து ருக்குமணியிடம் கொடுத்தார்.

"நீங்களும் ஏறுங்க கண்ணு" என்றாள் அவள் மைதிலியிடம்.

சாவியைத் திருப்பியதும் காருக்குள் பெட்ரோல் பம்ப் டக்டக்கென்று அடித்து நின்றது. ருக்குமணி அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஸ்டார்ட்டரை இழுத்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் வண்டி நின்றுபோனது. சம்பந்தி வீட்டாரில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்தாள். பீர் முகமது கேட்டைத் திறந்துவிட்டு, தானும் பின்னால் ஏறிக்கொண்டார். கடைவீதி வழியாகவே ஓட்டினாள். சுற்றிப் போக வேறு வழி இருந்தது.

ஊரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள்.

"இன்னைக்கு நான் பேசலீன்னா செத்த பொறவும் பேசியிருக்க மாட்டேன்" என்றாள் ருக்குமணி. சாவியை மைதிலியிடம் நீட்டி, "வண்டியை மலைக்கே கொண்டுக்கிட்டுப் போயிருங்க. இங்க இருந்தா மறுபடி எங்கியாவது கொண்டுபோயிப் பூட்டிப்போடுவாரு. அங்க இருந்தா நான் நெனைச்சப்ப வாரேன்" என்றாள்.

"உங்க வண்டியை நான் வெச்சிருக்கிறது எப்படிங்க?"

"நான் குடுக்கறேன் கண்ணு. இப்ப நீங்க என்னையக் கேட்டுக் குடுக்கறேன். அவரு என்னையக் கேக்காமக் குடுத்தாரு."

அவளை வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிட்டபோது, தனியாக உள்ளே போக வேண்டாம் என்று மைதிலி எவ்வளவோ சொன்னாள். ருக்குமணி கேட்கவில்லை. "இனி அடிக்கமாட்டாரு. ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சேந்தமங்கலத்தில் இறங்கும்போது பீர் முகமது, "வருத்தமா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்காதா? ரெண்டு வருஷம் அதுக்குள்ளேயே கிடந்தேன். ஆனா சின்னுசாமி வெச்சிருந்தா நான் செத்திருப்பேன்."

ஒரு வாரத்தில், வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. மிளகு வைக்க இடம் வேண்டுமாம். அதைத் தொடர்ந்து, டாக்டர் காரைத் திருடிவிட்டார் என்று துறைக்கு ஒரு புகார் போனது. விசாரிக்க வந்த அதிகாரியிடம் மைதிலி நடந்ததை நடந்தபடி சொன்னாள். "எதுக்கும்மா உங்களுக்கு எங்க போனாலும் சண்டை?" என்றார் அவர். "எங்க போனாலும் இந்த மாதிரி ஆளுங்கதானே சார் இருக்காங்க" என்றாள். புகார் அப்படியே கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஒழுகும் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனாள். காருக்குக் கூரை இல்லை. தார்ப்பாய் போட்டுக் கட்டினாள். மழையில் கதவோரம் மறுபடி துரு பூத்தது. உப்புத்தாளால் அதைத் தேய்க்கும்போதெல்லாம் சின்னுசாமியை வாய்விட்டுத் திட்டினாள். திட்டத் திட்ட வேலை சுத்தமாக வந்தது.

ருக்குமணி ஐப்பசியில் முதல் தடவை பஸ்ஸேறி வந்தாள். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று மைதிலி கேட்டாள்.

"கார் ஓட்டப் போறேன்னு சொன்னேன்."

அவள் செம்மேடு வரை ஓட்டினாள். வளைவில் இரண்டாவது கியருக்கு மாற்றச் சொன்னால் மூன்றாவதிலேயே திருப்பினாள். எஞ்சின் முக்கியது. மைதிலி சத்தம் போட்டாள். "வண்டி என்னுது கண்ணு, பேசாம உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, ருக்குமணி கியரை மாற்றினாள்.