காயாத கித்தான்

என் அத்தான் இராசநாயகம் காரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். அந்தக் காலத்தில் உரும்பிராயில் வாடகைக்கு ஓடிய கார் அவருடையது ஒன்றுதான். கொழும்பில் வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசி ஓடிக் கழித்ததை வாங்கி வந்து, கலியாண வீடு, கோயில், கச்சேரி என்று ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். எஞ்சினில் குறை சொல்ல ஏலாது. கூரைதான் குறை. அது தகரக் கூரை இல்லை, கம்பிச் சட்டத்தின்மேல் இழுத்து மூடுகிற கித்தான். ஹூட் என்பார் அத்தான். வெயில் பட்டு வெளுத்து, மடிப்பெல்லாம் நூல் விட்டுப் போயிருந்தது. மழை வெளியில் விட்ட பிறகும் அத்தானின் காருக்குள் கொஞ்சநேரம் பெய்யும் என்று அக்கா மீனாம்பிகை பகிடி பண்ணுவாள். அத்தான் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, அடுத்த மாதம் மெழுகு பூசிவிடுகிறேன் என்பார். அந்த அடுத்த மாதத்துக்காக நாங்கள் மூன்று மாரி காத்திருந்தோம்.

புரட்டாதி முடிகிற நேரம் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் பிடித்தது. கை வைத்தியம், பரியாரியார் எல்லாம் பார்த்து, கடைசியில் மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நான் பின் ஆசனத்தில் அவளை அணைத்துக்கொண்டு இருந்தேன். இணுவில் தாண்ட மழை பிடித்தது. மேலே இருந்து சொட்டியது என்று சொல்வது பொய், ஊற்றியது. நான் என் சேலைத் தலைப்பை அவள் தலைமேல் பிடித்தேன். அதுவும் நனைந்தது. அத்தான் ரோட்டைப் பார்த்தபடியே, ஒழுகுதோ, ஒழுகுதோ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஓம் என்பதைத் தவிர நான் எதைச் சொல்வது? ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அக்காவின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

அவள் பிழைத்தாள். காய்ச்சல் ஏற்கனவே நெஞ்சில் இறங்கிவிட்டது, மழை செய்தது ஒன்றுமில்லை என்று டாக்டர் அத்தானுக்கு எடுத்துச் சொன்னார். அத்தான் தலையாட்டினார். ஆனால் அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். பின்னேரமானால் குளித்துவிட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், அக்காவின் பெயரில் விளக்கேற்றிவிட்டுத்தான் வந்து சாப்பிடுவார். நான் அவர்கள் வீட்டிலேயே நின்று அக்காவின் பிள்ளை கமலாவதியைப் பார்த்துக்கொண்டேன். மூன்று வயதுப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். வாசல் படலைப் பக்கம் கார்ச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பின் ஆசனத்தைப் பார்த்துவிட்டு வரும்.

ஐப்பசியில் டாக்டர் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். ஒன்றை மட்டும் இறுக்கிச் சொன்னார்: நனையவே கூடாது. இன்னொருமுறை குளிர் ஏறினால் அந்த நெஞ்சு தாங்காது. அத்தான் அன்று வீட்டுக்கு வரும்போதே காருக்குள் எண்ணெய்த் தகரமும் தேன்மெழுகுக் கட்டியும் கிடந்தன. முகத்தில் இத்தனை கிழமையாக நான் காணாத வெளிச்சம்.

"அண்டைக்கு அவளை நனைச்சுக் கொண்டு போனனான்," என்றார். "திரும்பி வரேக்கை ஒரு சொட்டும் படாமல் கொண்டு வருவன்."

கோப்பாயில் மூடின கார் வைத்திருக்கிறவர்களிடம் கேட்டால் என்ன என்றேன். கேட்டிருந்தார். நெஞ்சு வருத்தக்காரி என்றதும் ஒருவருக்கு ரயர் பழுது, இன்னொருவருக்கு றைவர் ஊரில் இல்லை. கசரோகமாக இருக்குமோ, தொற்றுமோ என்ற பயம். நெஞ்சு வருத்தம் என்று சொன்னால் வலிகாமம் முழுக்க ரயர் பழுதாகிற காலம் அது. மாட்டு வண்டிலை நினைக்கவே ஏலாது, அந்தக் குலுக்கலில் இருமி இருமியே முடிந்துவிடுவாள். பஸ் என்றால் சந்தியில் மழைக்குள் காத்து நிற்கவேண்டும்.

அடுத்தநாள் முற்றத்தில் வேலை தொடங்கியது. சவர்க்காரம் போட்டு, தேங்காய்ப் பொச்சால் தேய்த்து, ஹூட்டில் இருந்த ஊர்ப் புழுதியை எல்லாம் கழுவினார். காய்ந்ததும் நூல்விட்ட இடங்களை மெழுகு பூசிய சணல் நூலால் தைத்தார். என் சேலைக் கிழிசலைத் தைக்கத் தந்தால் ஒரு மாதம் வைத்திருக்கிற மனிதர், கித்தானைப் பட்டுச்சேலை மாதிரித் தைத்தார். பிறகு மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டி, சட்டியில் மெழுகை உருக்கி, ஆளிவிதை எண்ணெயை ஊற்றிக் கலக்கினார். அந்த எண்ணெய் காற்றுப்பட்டால் தோல்மாதிரி இறுகிவிடும், பிறகு தண்ணீர் உள்ளே போகாது என்று கமலாவதிக்கு விளங்கப்படுத்தினார். பிள்ளை, அம்மா இண்டைக்கு வருவாவோ என்று கேட்டது. நாளைக்கு என்றார் அத்தான்.

எண்ணெய் முக்கால்வாசிக் கூரைக்குத்தான் வந்தது. பின்பக்கம் மிச்சம், சரியாக அக்கா இருக்கப்போகிற ஆசனத்துக்கு மேலே. யாழ்ப்பாணம் போய் இன்னொரு தகரம் வாங்கி வரப் பொழுது படும். சட்டியில் மெழுகு இறுகிக்கொண்டிருந்தது. அத்தான் சாமியறைக்குள் போய் ஒரு போத்தலோடு வந்தார். அக்காவுக்காக ஏற்றிய விளக்கில் மிஞ்சின எண்ணெய் அது. ஐயர் பூசையில் வைத்துக் கொடுத்திருந்தார். அக்கா வந்ததும் நெஞ்சில் பூசவென்று வைத்திருந்ததை அத்தான் கும்பிட்டுவிட்டுச் சட்டிக்குள் ஊற்றினார். இனிப் பிள்ளையாரே மேலே இருந்து பிடித்துக்கொள்வார் என்றார். நல்லாகக் கலக்கி, முதலில் பூசிய இடத்துக்கும் சேர்த்து இன்னொரு பூச்சுப் பூசினார். மூலை முடுக்கெல்லாம் ஒரே அருளாக இருக்கட்டும் என்று.

மறுநாள் கித்தான் ஒட்டியது. அதற்கு அடுத்தநாளும் ஒட்டியது. வேப்பம் இலை, வைக்கோல் துரும்பு, காகத்தின் செட்டை எல்லாம் வந்து அப்பிக்கொண்டன. அத்தான் விடிய எழும்பி உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கையை மூக்கில் வைத்து மணப்பார். மப்புக் கட்டிக் கிடக்கிறது, இன்னும் இரண்டு வெயில் எறித்தால் போதும் என்பார். காயாத பூச்சு முதல் மழையிலேயே கழுவுண்டு போய்விடும் என்பது அவருடைய பயம். அப்படியே கழுவுண்டு போகிறதா என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். பிள்ளையைத் தூக்கிக் கிணற்றில் போடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். மழைத் தூறல் விழுந்தாலே காரைக் கொட்டிலுக்குள் தள்ளி, வாசலை ஓலைத்தட்டியால் மறைத்துவிடுவார். மழையே படாத ஹூட்டில் மழை ஒழுகுமா என்று எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போவது நான். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவேன். அக்கா துணிமணியை மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாள். முதல்நாள் ஹூட் காயவில்லை என்றதும் சிரித்தாள். அடுத்தநாளும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. கமலாவதிக்குத் தலை வாரி விடுகிறாயா, தன்னைக் கேட்கிறதா என்று விசாரித்துக்கொண்டே இருந்தவள், நான் வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்தாள்.

"மழையெண்டாலும் பறவாயில்லை, பராசக்தி, வரச்சொல்லு. நனைஞ்சாலும் நான் என்ரை பிள்ளையைப் பாத்துக்கொண்டு நனையிறன்."

அதை அப்படியே கொண்டுவந்து அத்தானிடம் சொன்னேன். எழும்பிப் போய்க் கித்தானைத் தொட்டுப் பார்த்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்காமல் அன்று பின்னேரம் விளக்கேற்ற நான் கோயிலுக்குப் போனேன். திரியை ஏற்றிவிட்டு விளக்குத் தண்டைப் பிடித்தேன். கை பிசுக்கென்று ஒட்டியது. எத்தனையோ வருடத்து எண்ணெய் அதில் வழிந்து வழிந்து கிடக்கிறது, ஒருநாளும் காய்ந்ததில்லை. சின்ன வயதில் அதைத் தொட்டுவிட்டுச் சட்டையில் துடைத்து அம்மாவிடம் அடி வாங்கினவள் நான். விளக்கில் ஊற்றுகிற எண்ணெய் காயாது. காய்ந்தால் அது எப்படி எரியும்? கோயிலில் இருந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

அத்தான் காரடியில் குந்தியிருந்தார். உந்த எண்ணெய் இந்த மாரிக்கும் காயாது, அடுத்த மாரிக்கும் காயாது என்றேன். விளக்குத் தண்டைச் சொன்னேன். அவருக்கு விளங்க ஒரு கணமும் எடுக்கவில்லை. அதுதான் கொடுமை. தலையைக் குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவிவிட்டு முதலில் இருந்து தொடங்குகிறேன், நாளைக்கு யாழ்ப்பாண ரவுணுக்குப் போய் ஸலாஹுதீன் கடையில் வேண்டிய மட்டும் ஆளிவிதை எண்ணெய் வாங்கி வருகிறேன் என்றார்.

நான் கத்திவிட்டேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல்தரம். ஒட்டினால் ஒட்டட்டும், மணந்தால் மணக்கட்டும், இப்பவே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

"ஒழுகினால்?" என்றார் அத்தான்.

அன்றைக்கு அக்கா நடுங்கினதை நானும்தானே பார்த்தேன்.

மறுநாள் அவர் சொன்னபடியே போய் இரண்டு தகரத்தோடு வந்தார். அடுத்தநாள் விடியச் சுரண்டத் தொடங்குவதாக ஏற்பாடு. விடியும்போது படலையில் சைக்கிள் மணி கேட்டது. ஆஸ்பத்திரி ஆள். அக்கா கட்டிலில் எழும்பி இருந்து தண்ணீர் கேட்டாளாம். தாதி கொண்டுவந்து கொடுப்பதற்குள் சரிந்துவிட்டாளாம். நாள்கணக்காகப் படுத்துக் கிடந்த உடம்பில் இரத்தம் கட்டி நெஞ்சை அடைப்பது உண்டு, யாராலும் தடுத்திருக்க ஏலாது என்று பிறகு டாக்டர் சொன்னார். நல்ல மனிதர். அவர் சொன்னது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எனக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை.

அத்தான் ஓலைத்தட்டியை விலக்கிக் காரை எடுத்தார். பிரேதம் ஏற்ற வேறு வாகனம் பார்ப்போம் என்று பக்கத்து வீட்டு நாகலிங்கம் அண்ணை வந்து சொன்னதை அவர் கேட்டமாதிரியே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அக்காவைத் தன் கையாலே தூக்கி வந்து பின் ஆசனத்தில் வைத்தார். நான் அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டேன். கட்டிலுக்குக் கீழே இருந்த மூட்டையை யாரோ என் காலடியில் வைத்தார்கள்.

சுதுமலையில் மழை தொடங்கியது. சாதாரண மழை இல்லை, ஐப்பசி மழை. இருபக்கமும் தோட்டம் மறைந்து, ரோட்டும் மறைந்தது. ஹூட்டின்மேல் கல்லைக் கொட்டுகிறமாதிரிச் சத்தம். அத்தான் முன்னுக்குப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"ஒழுகுதோ, பராசக்தி?"

நான் மேலே பார்த்தேன். மடிப்புகளைப் பார்த்தேன். அவர் தைத்த தையல்களைப் பார்த்தேன். பின்மூலைகளை விரலால் தடவினேன். எண்ணெய்ப் பிசுக்குத்தான் ஒட்டியது, ஈரம் இல்லை. அக்காவின் நெற்றியில் ஆஸ்பத்திரியில் பூசிய திருநீறு பூசினபடியே இருந்தது.

"இல்லை அத்தான்," என்றேன். "ஒரு சொட்டும் இல்லை."

கார் நின்றது. அவர் கதவைத் திறந்து மழைக்குள் இறங்கினார். காரைச் சுற்றி வந்தார். இரண்டு கையையும் விரித்து ஹூட்டின்மேல் வைத்தார். தண்ணீர் திரண்டு திரண்டு அவர் விரல்களுக்கு இடையால் உருண்டு ஓடியது. கித்தான் அதை உள்ளே விடவில்லை. என் பக்கம் தொங்கிய மறைப்புச் சீலையை நீக்கி, குனிந்து என்னைப் பார்த்தார்.

"காயாமலே தாங்குது, பிள்ளை," என்றார். "அண்டைக்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்."

அவருக்குச் சொல்லவென்று என் வாயில் ஒரு வண்டில் பேச்சு இருந்தது. வழி முழுக்க அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன். மழை விழுகிறது, மறைப்பை மூடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

உடனே மூடினார். முன்னால் போய் ஏறியபோது அவருடைய தலையிலும் சட்டையிலும் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சால்வையைப் பிழிந்து வெளியே உதறினார். ஆசனத்தில் சாய்ந்தால் முதுகுத் தண்ணீர் பின்னுக்குத் தெறிக்கும் என்று நினைத்தார் போலிருக்கிறது. வீடு வரும்வரை முன்னுக்குக் குனிந்தபடியே ஓட்டினார்.

படலையில் கார்ச் சத்தம் கேட்டுக் கமலாவதி மழைக்குள் ஓடி வந்தது.