கோச்சுக்குக் காய்ச்சல்

அந்த வாலிபால் அணியின் கேப்டனுக்கு முப்பது தாண்டிவிட்டது. புதிதாக வந்த கோச் அவளுடைய சொந்தத் தங்கை. தங்கச்சிதானே, கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடுவாள் என்று அக்கா மனக்கோட்டை கட்டியிருந்தாள். முதல் வாரமே பயிற்சிக்குத் தாமதமாகப் போனவளை, அடுத்த ஆட்டம் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள் தங்கை. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அம்மா இருவர் தட்டிலும் பரிமாறினாளே தவிர, பஞ்சாயத்துக்கு வரவில்லை.

களத்தில் கோச் வைத்ததுதான் சட்டம். கைபேசி கூடாது, அரட்டை கூடாது. பந்தை எடுக்கும்போது முழங்கால் மடங்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் உயரமான பெண், தூக்கத்தில்கூடக் காலை மடக்கியே படுப்பதாக அவளுடைய அறைத்தோழி சொன்னாள்.

அப்போதுதான் கோச் காய்ச்சலில் விழுந்தாள். உதவிக் கோச் பொறுப்பேற்றார். தங்கமான மனிதர், யாரையும் ஒரு சொல் சொல்லமாட்டார். பயிற்சியைப் பாதியில் நிறுத்தி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அரங்கமே கல்யாண வீடு மாதிரி ஆனது. அந்த வாரக் கடைசியில், பட்டியலில் அடியில் கிடந்த அணியிடம் வரிசையாக மூன்று செட்டிலும் மண்ணைக் கவ்வினார்கள். உதவிக் கோச் கைதட்டி, நன்றாகத்தான் ஆடினீர்கள் என்றார். அதைக் கேட்டதும் நெட்டை உடைந்துபோனாள்.

"நம்மளத் திட்டக்கூட ஆள் இல்லையேக்கா."

அணி மொத்தமும் கேப்டன் வீட்டுக்குக் கிளம்பியது. தலை வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு கோச் கதவைத் திறந்தாள். மூக்கு சிவந்திருந்தது. ஆட்டத்தை டிவியில் பார்த்துவிட்டாள் என்பது அவள் பார்வையிலேயே தெரிந்தது.

"உன்னை நான் திட்டாத நாளே இல்ல," என்றாள் அக்கா. "ஆனா நீ கத்தினாதான் எனக்குக் காலே நகருது. சீக்கிரம் வந்து சேரு."

தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"ரெண்டாவது செட்டு முடியறப்போ நீ எங்க நின்ன?"

"வலைகிட்ட."

"எங்க நிக்கணும்?"

அக்கா இரண்டடி பின்னால் நகர்ந்து சோபாவில் இடித்துக்கொண்டாள்.

"சோபாவை நகர்த்துங்க," என்றாள் கோச்.

தலையணைகள் பறந்தன. முழங்கால்கள் மடங்கின. சத்தம் பொறுக்காமல் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். கோச் அவரையும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வரிசையில் நிற்கச் சொன்னாள். ஏன் என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. மூன்று தலையணைகளைப் பிடித்த பிறகு, இன்னொன்று போடுங்கள் என்று அவரே கேட்டார்.

காய்ச்சல் விட்டுக் கோச் திரும்பி வந்த அடுத்த ஆட்டம் ஐந்து செட் வரை இழுத்தது. தரையோடு தரையாக விழுந்து அக்கா எடுத்துவிட்ட பந்தை நெட்டை எம்பி அடித்தாள். அது எந்தப் பக்கம் போனதென்றே எதிரணிக்குத் தெரியவில்லை. விசில் ஊதியதும் கோச் கைக்குக் கிடைத்த உதவிக் கோச்சைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். மனிதருக்குத் தலை கிறுகிறுத்துப் போயிற்று.

திரும்பும் பேருந்தில் அக்காவும் தங்கையும் எதற்கென்றே தெரியாமல் சிரித்தார்கள். சிரித்து விக்கல் வந்தது. விக்கலுக்குத் தண்ணீர் குடித்தார்கள். தண்ணீர் மூக்கில் ஏறி, இருமி, மறுபடி சிரித்தார்கள்.