ஆவாரங்குளத்துக்கு வழி தெரிந்த நாய்

உபதேசியார் ஜெபதுரையைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். சோம்பேறி என்று சொல்லலாம், தப்பில்லை. ஞாயிறுதோறும் திருச்சுழியிலிருந்து குண்டாற்றைக் கடந்து, உடைமரக்காட்டுக்குள் புகுந்து, கரட்டில் ஏறி இறங்கி, ஆவாரங்குளத்துச் சபையில் ஜெபம் நடத்த வேண்டியது அவர் வேலை. மூன்று வாரம் ஒழுங்காகப் போனார். நாலாவது வாரம் ஆற்றங்கரைப் புளியமரத்து நிழல் அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. வேதப்புத்தகத்தைத் தலைக்கு வைக்க மனசு கேட்கவில்லை. துண்டைச் சுருட்டி வைத்துத் தூங்கினார். எட்டு மாதமாக அதே தூக்கம்தான். கூட வரும் நாய் சீசர் மட்டும் காட்டுக்குள் ஓடிப்போய், வெயில் சாயும்போது வயிறு முட்டத் திரும்பி வரும். முயல் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். 'ஊழியம் நடந்தது' என்று குருவானவருக்கு ரிப்போர்ட் மட்டும் வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அறுபத்தெட்டாம் வருஷம் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருப்புக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் குருவானவர் வந்து இறங்கினார்.

“வாரும் உபதேசியாரே, ஆவாரங்குளம் போவோம். பார்த்து நாளாச்சு.”

ஜெபதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பொய் வெளிப்பட்டால் வேலை போகும். அந்த வேலையை விட்டால் வேறெதற்கும் அவர் லாயக்கில்லை, அது அவருக்கே தெரியும்.

ஆற்று மணலில் கால் பொசுங்கியது. உடைமரக்காட்டில் பாதை மூன்றாகப் பிரிந்த இடத்தில் எது தன் வழி என்று ஜெபதுரைக்கு மறந்தே போனது. சீசர் வாலைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதையில் போனது. இவரும் பின்னால் போனார்.

“என்ன, நாயைப் பார்த்துப் பார்த்து நடக்கிறீர்?”

“அதுக்கும் வழி பழகட்டும்னுதான்யா.”

“வாரா வாரம் கரடு ஏறுகிற ஆளுக்கு இப்படியா மூச்சு வாங்கும்?”

“இன்னைக்குத்தான்யா வெயில் ஜாஸ்தி.”

கரட்டிலிருந்து இறங்கும்போது சீசர் முன்னால் ஓடி ஊருக்குள் மறைந்தது. உடனே யாரோ கோயில் மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை டண் டண் என்று அடித்தார்கள். இருவரும் போய்ச் சேர்வதற்குள் ஊரே கொட்டகையில் பாய் விரித்து உட்கார்ந்து கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தது. குருவானவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“உம்மைத் தப்பா நினைச்சுட்டேன் உபதேசியாரே.”

ஜெபதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்படியோ தப்பித்தோம் என்று மட்டும் பட்டது.

பாட்டை நடத்திக்கொண்டிருந்த பிச்சையம்மாள் திரும்பிப் பார்த்தாள். “கர்த்தாவே! உபதேசியாரு எந்திரிச்சு நடந்து வாராகளே!”

எல்லாரும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“வாரா வாரம் நாயி மட்டும் வரவும் பதறிப்போனோம்யா,” என்றாள் பிச்சையம்மாள். “ படுத்த படுக்கையாக் கிடக்கீக, ஜெபம் பண்ணச் சொல்லி நாயை அனுப்புறீகன்னு புரிஞ்சுக்கிட்டோம். நேர்ல வந்து பாத்தா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் வரலை. எட்டு மாசமா ஜெபமும் ஒரு வாரம் தவறலை, நாயிக்குச் சோறு போடவும் தவறலை. இந்த அழகுத்தாயி ஒங்களுக்காக உபவாசமே இருந்தா.”

“என்ன வியாதி உபதேசியாரே?” என்று குருவானவர் மெதுவாகக் கேட்டார்.

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். நுனி நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் ஒட்டிப்போன கன்னத்தோடு அழகுத்தாய் அவரைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

“சோம்பேறித்தனம்யா,” என்றார். அழுகையும் வந்துவிட்டது. “ஆத்தங்கரையிலேயே படுத்துத் தூங்கிட்டேன்.”

குருவானவர் சுற்றி நின்ற ஊராரைக் கைகாட்டினார். “உம்ம வேலை இருக்குமா போகுமான்னு என்கிட்டக் கேட்காதீர். இவங்ககிட்டக் கேளும்,” என்றார்.

பிச்சையம்மாள் வாயில் கைவைத்து நின்றாள்.

“அடப்பாவமே! எட்டு மாசமும் நோவு தெரியாமலே ஜெபம் பண்ணியிருக்கோமே!” ஊரைப் பார்த்துத் திரும்பினாள். “எல்லாரும் முட்டி போடுங்க. இவுகளை நடுவுல உக்கார வையுங்க. முதல்ல இருந்து ஆரம்பிப்போம்.”